உழவருக்கு உதவும் கிருமி



பாக்டீரியா என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மருந்துப் புட்டி! ஆனால், கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்களுள் ஒன்று உழவரின் பயிரைக் காக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

1901ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென மடிந்தன. அவற்றை ஆராய்ந்த இஷிவாட்டா என்னும் விஞ்ஞானி, ஒருவகைப் பாக்டீரியாவே அதற்குக் காரணம் எனக் கண்டார். சில ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் பெர்லினர் என்பவரும் இக்கிருமியைக் கண்டார். 1915இல் அவர் அதற்கு 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயரிட்டார். சுருக்கமாகப் 'பி.டி.' என்பர்.

பட்டுப்புழுவைக் கொல்லும் கிருமி, பயிரைத் தின்னும் புழுவையும் கொல்லும் அல்லவா? 1938இல் பிரான்ஸ் நாட்டில் இது பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்தது.

இது எவ்வாறு வேலை செய்கிறது? இப்பாக்டீரியா தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. மருந்து தெளித்த இலையைப் புழு தின்றதும், அதன் குடலிலுள்ள காரத்தன்மையால் படிகம் கரைந்து நஞ்சாகிறது. அந்நஞ்சு குடற்சுவரில் ஒட்டித் துளைகள் இடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சில நாட்களில் மடிந்துவிடும்.

அப்படியானால், அந்த முட்டைக்கோஸை உண்ணும் நமக்குத் தீங்கு வராதா? வராது. நம் வயிற்றில் இருப்பது அமிலம். மேலும், அந்நஞ்சு பற்றிக்கொள்வதற்கான இடம் நம் குடலில் இல்லை. தேனீக்களும் பொறிவண்டுகளும் இதனால் மடிவதில்லை. கண்ட பூச்சிகளையெல்லாம் கொல்லும் இரசாயன மருந்துகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

ஆயினும் இதற்கும் குறைகள் உண்டு. வெயில் பட்டால் விரைவில் வலிமை இழக்கும். ஆகவே மாலையில் தெளிப்பதே நன்று. இளம் புழுக்களையே எளிதில் கொல்லும். பட்டுப்புழு வளர்க்கும் இடத்தருகே தெளிக்கவே கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஓயாமல் தெளித்தால் புழுக்கள் இதற்குப் பழகிவிடும். ஹவாய்த் தீவுகளில் முட்டைக்கோஸ் வகைப் பயிர்களைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி அவ்வாறு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதை 1990இல் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இயற்கை அளித்த இந்நல்ல துணையும் அளவறிந்து பயன்படுத்துவோருக்கே நிலைக்கும். தோழியரே, இனிக் கிருமி என்றதும் முகம் சுளிக்குமுன், வயலைக் காக்கும் இச்சிற்றுயிரையும் சற்று நினைத்துக்கொள்வோமா?