பெட்டியில் வைக்க மறந்த சாமான்

பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்படுகிற தாய்மார்களின் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வடகம், பழைய புடவையில் தைத்த குழந்தைத் துணிகள் எல்லாவற்றையும் ஜாபிதா போட்டு, தராசில் நிறுத்து, ஒரு பெட்டிக்கு 23 கிலோவுக்கு மேல் குன்றிமணி எடைகூட ஏறாமல் அடுக்கியிருப்பார்கள். கையிலிருக்கும் செல்போனைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டார்கள். "அங்கே போனால் மாப்பிள்ளை பார்த்துக் கொள்வார்" என்று விட்டு விடுவார்கள்.

எனக்குத் தெரிந்த மாம்பலத்து மாமி ஒருவர் விஷயத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கொள்ளத்தான் செய்தார். நியூஜெர்ஸியில் இறங்கிய அன்றே மாமியின் சென்னை சிம் கார்டைக் கழற்றி விட்டு, உள்ளூர்க் கார்டைப் போட்டுக் கொடுத்தார். கழற்றிய கார்டு சுண்டு விரல் நகம் அளவுதானே? காகிதத்தில் மடித்து மேஜை மேல் வைத்தார்கள். மறுநாள் அது குப்பையோடு போயிற்று, யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் சென்னையில் மாமாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டும். பணமோ மாமியின் கணக்கில் இருந்தது. மாமி அவசர அவசரமாகச் செல்போனில் பாங்கிக் கணக்கைத் திறந்து தொகையைப் போட்டார். "உங்கள் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. எந்த நம்பருக்கு? குப்பைக்குப் போன நம்பருக்கு! மாற்றுக் கார்டு வேண்டுமானால் நம்பருக்கு உரியவரே நேரில் வர வேண்டும் என்று சொல்லி விட்டார்களாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தம் கைப்பணத்தைக் கட்டினார். மாமா பிழைத்து எழுந்தார். ஆனால் அந்த ஒரு ராத்திரி மாமி பட்ட பாடு இருக்கிறதே, அதை அவரே சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆகையால், சகோதரிகளே, புதுக் கார்டு எது வாங்கலாம் என்ற யோசனையெல்லாம் அப்புறம். நம் ஊர் நம்பர் உயிரோடிருக்க வழி செய்து கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே உங்கள் கம்பெனியிடம் சொல்லி 'ரோமிங்' வசதியைத் திறந்து வைக்க வேண்டும். தினசரிக் கட்டணப் 'பேக்' எதுவும் அநாவசியம். வருகிற குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. உங்கள் திட்டத்தில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் யாராவது கூப்பிட்டு, நீங்கள் "ஹலோ" என்று எடுத்தால் காசு ஓடத் தொடங்கி விடும். செல்போனில் இந்தக் கார்டுக்கு 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்து விடுங்கள். ஆறு மாதம் தங்குகிறவர்கள் ரீசார்ஜ் தீராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வெகு நாள் கவனிக்காமல் விட்ட நம்பர் வேறொருவருக்குப் போய் விடும். பிறகு உங்கள் பாங்கிச் செய்தி அவர் கைக்குப் போகும்!

இனி 'இ-சிம்' சமாசாரத்துக்கு வருவோம். 1991-ல் ம்யூனிக் நகரத்துக் கம்பெனி ஒன்று முதல் சிம் கார்டுகளைச் செய்து பின்லாந்துக்கு அனுப்பிய காலத்தில், அது பாங்கிக் கார்டு அத்தனை பெரியது. தேய்ந்து தேய்ந்து நகம் அளவாகி, இப்போது கார்டே இல்லாமல் போய் விட்டது. செல்போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சில்லில் நம்பரை எழுதி விடுகிறார்கள்; அதுதான் இ-சிம். உங்கள் செல்போனில் அது உண்டா என்று பார்க்க *#06# என்று அடியுங்கள். 'இ.ஐ.டி.' என்று ஒரு நீண்ட எண் வந்தால் உண்டு.

அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களில் 2022-ல் வந்த 14-ஆம் வரிசை முதல் கார்டு போடும் துளையே கிடையாது. பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பிய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "துளை எங்கே?" என்று தேடிய அம்மாக்கள் உண்டு. அவர்கள் நம் ஊர் நம்பரையும் இ-சிம்மாக மாற்றியாக வேண்டும். பழைய போனில் கார்டு இருக்கும்போதே, ஊரை விட்டுக் கிளம்பும் முன் இதைச் செய்து விடுவது உத்தமம். "உங்கள் கார்டை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், இந்த லிங்க்கைத் தொடுங்கள்" என்று யாராவது தாமாகவே கூப்பிட்டால் பேச்சை அங்கேயே வெட்டுங்கள். தொட்டால் நம்பர் அவன் போனுக்குப் போய் விடும், ஓ.டி.பி.யும் பின்னாலேயே போகும்.

துளை உள்ள போன் வைத்திருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது: சென்னை நம்பர் கார்டாகவே இருக்கட்டும், வெளிநாட்டு நம்பர் இ-சிம்மாக இருக்கட்டும். போன் கீழே விழுந்து உடைந்தாலும் கார்டை எடுத்து வேறொரு போனில் போட்டுக் கொள்ளலாமே!

பிரயாணிகளுக்கென்று விற்கும் இ-சிம்களில் பலவற்றில் இன்டர்நெட் மட்டும்தான். பேச நம்பர் கிடையாது. பத்து நாள் ஊர் சுற்ற அது தாராளம். வாட்ஸ்அப்பில் பேசலாம், பழைய நம்பரே தொடரும், 'நம்பரை மாற்றவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் பிரசவ வீட்டில் டாக்டரும் ஆஸ்பத்திரியும் கூப்பிட உள்ளூர் நம்பர் வேண்டும். பெண்ணின் குடும்பக் கணக்கிலேயே அம்மாவுக்கும் ஓர் இணைப்புச் சேர்த்து விட்டால் வேலை முடிந்தது. ஒரு விஷயம்: அமெரிக்காவில் பழைய 3ஜி சேவையை 2022-ல் பெரிய கம்பெனிகள் மூடி விட்டன. தாத்தாவின் பழைய பொத்தான் போன் அங்கே பெரும்பாலும் மணியே அடிக்காது.

ஐரோப்பா போகிறவர்கள் பாடு சுலபம். 2017 ஜூன் முதல் ஐரோப்பிய யூனியனில் ஒரு தேசத்தில் வாங்கிய கார்டு மற்றத் தேசங்களிலும் அதே கட்டணத்தில் பேசும். ஸ்விட்சர்லாந்தும் லண்டனும் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. பாரிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்கள் வாங்கும்போதே தேசங்களின் பட்டியலைப் படியுங்கள்.

இ-சிம்முக்கான கியூ.ஆர். கோடை வீட்டு வைஃபையிலேயே பதிந்து கொள்ளுங்கள். விமான நிலையத்தில் இன்டர்நெட்டுக்குத் தவிக்க வேண்டாம். அநேகமாக ஒரு கோடு ஒரு தடவைதான் வேலை செய்யும். பேரன் விளையாட்டாக அழித்து விட்டால் மறுபடி காசு கொடுக்க நேரலாம். நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது, பதிந்த அன்றா, அங்கே இறங்கிய அன்றா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

கார்டு தட்டைத் திறக்கக் கடைக்காரர் தரும் ஊசி, வேண்டிய நேரத்தில் எந்த வீட்டிலும் அகப்பட்டதில்லை. மாம்பலத்து மாமி இரண்டாவது பேரனுக்காகப் போனபோது, மெல்லிய காம்புள்ள தோடு ஒன்றைக் கழற்றி அதனாலேயே திறந்தாராம்.