பேராசிரியர் வித்தியானந்தனும் பல்கலைக் கழக நிருவாகமும்

மஹய்யாவையிலிருந்து பேராதனை நெடுந்தொலைவன்று. ஆயினும் ஆங்குள்ள பல்கலைக் கழகத்தை நடத்துவோர் யாவர், அவர்தம் தொழில் யாது என வினவின், நம் மாணவரிற் பலர் விடைகூறத் தயங்குவர். பேராசிரியர் கற்பிப்பவர் என்பதை அறிவர். துணைவேந்தரையோ பட்டமளிப்பு விழாவில் அங்கி தரித்து வீற்றிருப்பவர் என்ற அளவிலேயே அறிவர்.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக் கழகச் சட்டத்தின்படி, நிருவாகம், கல்வி ஆகிய இரண்டுக்கும் முதன்மை அலுவலர் துணைவேந்தரே. பணம், கட்டடம், நியமனம் என்பன பேரவையின் பொறுப்பு. பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்பன மூதவையின் பொறுப்பு. இரண்டுக்கும் செயலாளர் பதிவாளர். இரண்டுக்கும் தலைவர் துணைவேந்தர். புதுப்பாடம் ஒன்றைத் தொடங்க மூதவை விரும்பலாம். அதற்கு ஆசிரியரை நியமிக்கப் பேரவை இசைய வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று காரியத்தை முடிப்பவனே நல்ல நிருவாகி.

இதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் வாழ்வு தக்க சான்று. 1924 இல் தெல்லிப்பழையைச் சார்ந்த ஊரிற் பிறந்த அவர், பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பேராதனையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். இலங்கைக் கலைக் கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராகவும் விளங்கினார். அந்நாளிற் கூத்தென்றாலே படித்தோர் முகஞ்சுளித்தனர். அவரோ மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். அவர்தம் துணைகொண்டு பல்கலைக் கழக மாணவரையே ஆடப் பழக்கினார். விடியவிடிய ஆடும் கூத்து, நகர மேடைக்கேற்பச் சுருங்கியது. 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என அறுபதுகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. அண்ணாவியார் ஒருபால், ஆங்கிலங் கற்ற மாணவர் ஒருபால். இருசாராரையும் ஒரு தாளத்துக்கு இசைவித்தல் எளிதோ? நிருவாகத்தை அவர் பயின்றது அலுவலகத்திலன்று, ஒத்திகைக் களத்திலே என்பது என் துணிபு.

1974 சனவரியில் யாழ்ப்பாணத்திற் கூடிய நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையும் அவரே முன்னின்று நடத்தினார். அதே ஆண்டிற் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியே அதன் இருப்பிடமாயிற்று. 1977 இல் வித்தியானந்தன் அத்தலைமையை ஏற்றார். 1979 சனவரி முதல் நாளன்று வளாகம் தனிப் பல்கலைக் கழகமாக, அதன் முதல் துணைவேந்தரானார்.

அப்பதவி மலர்ப்படுக்கையாக அமையவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. 1983 இல் நாடெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். 1987 அக்டோபரில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே வளாகத்தைச் சூழவே போர் நடந்தது. அமைதிக் காலத்தில் விரிவுரை நேரசூசி எழுதரின் வேலை; குண்டு வெடிக்குங் காலத்திலோ அதுவே துணைவேந்தரின் பெருங்கவலை. பரீட்சை ஒன்று பிற்போடப்படின், ஓராண்டு மாணவரின் பட்டமும் தொழிலும் உடன் பிற்போகும். பிள்ளையின் பட்டத்தை நம்பி ஈடுவைத்த காணியை மீட்கக் காத்திருக்கும் தந்தைக்கு, மூதவையின் தீர்மானம் வெறுங் காகிதமன்று.

இத்தகைய பத்தாண்டில் அவர் மூதவைக்குந் தலைமை தாங்கினார்; கூத்தையும் மறந்தாரல்லர். 1988 இற் பதவியினின்று ஓய்ந்து, 1989 சனவரி 21 இல் மறைந்தார். அவர் மேடையேற்றிய 'இராவணேசனில்' மாணவராக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகி, அக்கூத்தை மட்டக்களப்பில் மீண்டும் மேடையேற்றினார்.