சங்கத்திற்கு ஏற்ற இன்டர்நெட் டெலிபோன்

நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசோதிக்க நாம் சென்றிருந்த வேளையில் மின்சாரம் தடைப்பட்டது. மேஜைமீதிருந்த புதிய இன்டர்நெட் டெலிபோனும் உடனே ஊமையாயிற்று. தீபாவளிச் சரக்கிற்கு ஆர்டர் கொடுக்க விரும்பிய மொத்த வியாபாரி ஒருவர், இருமுறை அழைத்தும் பதில் கிட்டாமையால் வேறிடத்தில் கொடுத்துவிட்டார் என்பது மறுநாள் தெரிந்தது. காரியதரிசிமீது குற்றமில்லை. வாங்கும்போது கேட்க வேண்டியவற்றை எவரும் கேட்கவில்லை.

ஒரே எண்ணில் வரும் அழைப்பை விற்பனைக்கூடத்திற்கோ கிடங்கிற்கோ மாற்றித்தரும் வசதி இம்முறையில் உண்டு. இதனை நாடும் நெசவாளர், விவசாயிகள் சங்கங்கள் மூன்று விஷயங்களைக் கவனித்தல் நலம்.

முதலாவது மின்சாரம். பழைய செம்புக்கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இன்டர்நெட் டெலிபோனும் அதன் ரூட்டரும் சங்கக் கட்டடத்து மின்சாரத்தில் இயங்குபவை. ஆதலால் இரண்டையும் இன்வர்ட்டரில் இணைத்தல் அவசியம்.

இரண்டாவது இணைப்பின் தரம். ஜி.711 என்னும் முறையில் ஓர் உரையாடலுக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு ஏறக்குறைய 90 கிலோபிட் போதும். எனவே பெரும்பாலும் இடர் தருவது வேகக்குறைவன்று, தாமதமே. குரல் போய்ச்சேர 150 மில்லிவிநாடிக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். ஒரு வாரம் பரீட்சார்த்தமாக, வேலை மிகுந்த நேரத்தில் பேசிப் பார்த்த பின்னரே பணம் செலுத்துக.

மூன்றாவது ஒப்பந்தம். "99 சதவீதம் தடையற்ற சேவை" என்பது காதுக்கு இனியது. கணக்கிட்டால், ஆண்டில் 87 மணி நேரத் தடைக்கு அதில் இடமுண்டு! 99.9 சதவீதமாயின் 9 மணிக்கும் குறைவு. இணைப்பு அறுந்தால் அழைப்பு தானே செல்போனுக்கு மாறுமா? நிறுவனம் அரசின் தொலைத்தொடர்பு உரிமம் பெற்றதா? ஒப்பந்தம் முடிந்தபின் எண் யாருக்கு உரியது? செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-இல் நாடெங்கும் வந்தது. மற்ற எண்களுக்கும் அஃது உண்டெனக் கருதிவிடலாகாது. பில்லிலும் விலைச்சீட்டிலும் அச்சிட்ட எண் கைவிட்டுப் போனால் பழைய வாடிக்கையும் உடன் போகும்.

இவற்றிற்கான பதில்களை எழுத்தில் பெற்று, மூன்று விலைப்புள்ளிகளுடன் நிர்வாகக் கமிட்டியின் முன் வைத்துத் தீர்மானிப்பீர்களாக. விலை குறைந்ததே சிக்கனமென்று எண்ணற்க. அன்று தவறிய ஓர் அழைப்பு, அச்சங்கத்து அங்கத்தினரின் பண்டிகைக்காலக் கூலியையன்றோ கொண்டுபோயிற்று!