வால் மறைந்த பின் வரும் பட்டினி

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதும், கற்பிட்டி முதல் உடப்பு வரையிலான கரையோரக் கிராமங்களில் பள்ளங்கள் நீரால் நிரம்பி, வாற்பேய்கள் மொய்க்கத் தொடங்கிவிடுகின்றன. குட்டை வற்றுமுன் அவற்றைக் காப்பாற்றும் எண்ணத்துடன் சிறார்கள் போத்தல்களில் அள்ளி வருவதுண்டு. வாற்பேயாக இருக்கும் வரை சிரமமில்லை. பாசியும் அவித்த கீரையும் போதும். கால் முளைத்து வால் மறைந்த பின்னரே அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. வீட்டார் இதனை விதியென்று விட்டுவிடுகின்றனர். ஆனால் பல வேளைகளில் காரணம் பட்டினியே.

உருமாற்றத்தின்போது பாசியைச் சுரண்டிய வாய் மாறி அகன்ற வாயாகின்றது. நீண்ட குடல் சுருங்கி ஊனுண்ணியின் குடலாகின்றது. இந்நாட்களில் குஞ்சு எதனையும் உண்பதில்லை. கரைந்து மறையும் வாலே அதற்கு உணவு. வால் மறைந்ததும் பசி எடுக்கும். அப்போது கீரையைப் போட்டுப் பயனில்லை. சோறும் பாண் துண்டும் நீரைக் கெடுக்குமேயன்றி வேறொன்றுக்கும் உதவா. தவளையின் கண்ணுக்கு அசைவதே இரை. அந்த இரையும் குஞ்சின் இரு கண்களுக்கிடையிலான அகலத்தை விஞ்சலாகாது.

இதற்குக் கடை தேட வேண்டியதில்லை. கனிந்த வாழைப்பழத்தை மூடாது வைத்தால் பழ ஈக்கள் வரும். தென்னைக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில் உக்கிய தென்னங்குற்றிகளில் கறையான் தாராளம். ஆயினும் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் பூச்சிகளைப் பிடிப்பதை நாம் கண்டிப்பாக வேண்டாமென்போம். மருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சி, குஞ்சுக்கும் நஞ்சாகும். இரையைத் தினமும் சிறிது சிறிதாக இடுவதே முறை. நாட்கணக்கில் வைத்திருப்பின், எலும்பு வளர்ச்சிக்காக இரையின்மீது கல்சியத் தூளைத் தூவுவதும் வழக்கம்.

எமது கரையோரத்துக்கே உரிய மற்றொரு சிக்கல் நீர். தவளை வாயால் அருந்துவதில்லை, தோலால் உறிஞ்சுகின்றது. உவர்க் கிணற்று நீர் அதற்கு ஆகாது. கொதிக்க வைத்தாலும் உப்பு அகலாது. மழைநீரே சிறந்தது. குளோரின் கலந்த குழாய் நீராயின் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்த பின் ஊற்றலாம். ஏறி அமரச் சாய்வான கல் ஒன்று இல்லாவிடின், நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்கிய குஞ்சு மூழ்கி இறந்துவிடும். பாத்திரத்தை வலையால் மூடுதலும் அவசியம். இன்றேல் டெங்கு நுளம்புக்கு நாமே இடமளித்தவர்களாவோம்.

தவளையை மருந்துக்காகக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தமை அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ளதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். மறுபுறம், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படும் ஈரூடகவாழிகளும் உள்ளன. எந்தக் குஞ்சு எந்த இனமென வீட்டார் பிரித்தறிவது எளிதன்று. எனவே, இரண்டொரு வாரம் ஊட்டிய பின், மாலை வேளையில், எடுத்த குட்டையின் அருகிலேயே ஈரப் புதருக்குள் விட்டுவிடலாம். வேறொரு குளத்தில் விட்டால் நோயும் உடன் செல்லக்கூடும்.