ஊசி குத்தினால் யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரி ஊழியர் என்றவுடன் நம் நினைவுக்கு வருகிறவர்கள் டாக்டரும் நர்சும்தான். வார்டைப் பெருக்கித் துடைப்பவர், குப்பைப் பையைக் கட்டித் தூக்கிச் செல்பவர், ரத்தக் கறை படிந்த படுக்கை விரிப்பை வெளுப்பவர் ஆகியோர் அந்தக் கணக்கில் சேருவதில்லை. இடக்கொச்சி, பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி வட்டாரத்தில் பிழைப்பைத் தேடி வந்து குடியேறிய நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால், பெரும்பாலும் அது இந்தக் கணக்கில் சேராத வேலையாகவே இருக்கிறது. அதிலும் காண்டிராக்டர் மூலமாகக் கிடைக்கும் வேலை.

டாக்டர் கையில் ஊசி குத்தினால், அது எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று அவருக்குத் தெரியும். அந்த நோயாளியின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பையைத் தூக்கும்போது தொடையில் குத்துகிற ஊசிக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. போட வேண்டிய இடத்தில் போடாமல் வேறு யாரோ வீசியெறிந்த ஊசி அது. தவறு ஒருவருடையது, ரத்தம் சிந்துகிறவர் வேறொருவர். ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு என்று பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது நம் கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2002-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகம் முழுவதும் இருந்த 3½ கோடி மருத்துவ ஊழியர்களில் ஆண்டுதோறும் பல லட்சம் பேருக்கு இப்படிக் காயம் ஏற்பட்டது. ஊழியர்களுக்கு வந்த ஹெபடைடிஸ் பி, சி நோய்களில் பத்தில் நாலு பங்குக்கு இந்த ஊசிக்குத்தே காரணம் என்றும் அந்த அறிக்கை கூறியது.

எதற்கு அஞ்ச வேண்டும்?

ஊசி குத்தியதும் எல்லோரும் அஞ்சுவது எய்ட்ஸ் நோய்க்குத்தான். அந்தக் கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால், நோய் தொற்றுவது சுமார் 3 பேருக்கு. ஹெபடைடிஸ் சி கிருமியானால் 100 பேரில் சுமார் 2 பேர். ஹெபடைடிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத 100 பேரில் 30 பேர் வரைகூடப் பற்றிக்கொள்ளும். காய்ந்துபோன ரத்தத்திலும் அது 7 நாட்கள் வரை உயிரோடு இருக்கும்.

மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தால் போயிற்று என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. இந்தக் காமாலை அந்த ரகம் அல்ல. சிலருக்குக் கண்ணில் மஞ்சள்கூடத் தெரியாது. கிருமி ஈரலில் தங்கி, பல வருஷங்களுக்குப் பிறகு ஈரல் சுருங்கியோ புற்று வைத்தோ ஆளைக் கொல்லும். அதற்குள் அவர் அந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டு எங்கோ போயிருப்பார்.

இத்தனைக்கும் மூன்று நோய்களில் தடுப்பூசி உள்ளது இது ஒன்றுக்குத்தான். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அவ்வளவுதான் வேலை. முதல் ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் மூன்றையும் போட்டு முடிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

மருத்துவக் கழிவுகளைப் பற்றி மத்திய சர்க்கார் 2016-ல் விதிகள் வகுத்தது. ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும் மஞ்சள் பையில். குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை போன்ற பிளாஸ்டிக் சாமான்கள் சிவப்புப் பையில். கண்ணாடி நீலப் பெட்டியில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளை விழாத வெள்ளைப் பெட்டியில். பைகளைச் சுமக்கிறவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வெள்ளைப் பெட்டியில் விழ வேண்டிய ஊசி மஞ்சள் பையில் விழுவதுதான் வினை.

அதே விதிகள் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் மீது வேறு சில கடமைகளையும் சுமத்துகின்றன. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் கையுறை முதலிய பாதுகாப்புச் சாதனங்கள் தர வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனையும் பயிற்சியும் நடத்த வேண்டும். சம்பளப் பட்டியலில் உள்ளவருக்கு மட்டும் என்று விதி கூறவில்லை. மருத்துவ ஊழியர்களும், கழிவைக் கையாளும் மற்றவர்களும் என்றே கூறுகிறது. அந்த ‘மற்றவர்களில்’ காண்டிராக்டரின் ஆளும் அடக்கம்.

பயிற்சி வகுப்பு மலையாளத்தில் நடந்தால், திண்டுக்கல்லிலிருந்தும் தென்காசியிலிருந்தும் புதிதாக வந்தவருக்குப் பாதிதான் புரியும். தமிழில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

இந்த விதிகளில் ஒரு குறையும் உண்டு. கழிவு லாரி கவிழ்வது போன்ற ‘பெரிய விபத்து’ நடந்தால் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊசிக்குத்து அந்தப் பெரிய விபத்துகளில் சேராது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஆண்டறிக்கையில் சேர்த்தால் போதும். சிப்பந்தி வாயைத் திறந்து சொல்லாவிட்டால், அந்த ஆண்டறிக்கையிலும் அது ஏறாது.

வெளுக்க வரும் துணி

கோட்டைக் கொச்சியை அடுத்த வெளியில் இருக்கும் தோபிகானாவை அறியாத தமிழர் இங்கே இருக்க முடியாது. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க அழைத்து வரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் நம் சலவைத் தொழிலாளர்களின் சந்ததியினர் அங்கே இன்னும் கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். வீட்டுத் துணி, ஓட்டல் துணியோடு ஆஸ்பத்திரித் துணியும் அவர்களிடம் வருகிறது.

2016 விதிகள் எறிந்துவிடும் துணியைப் பற்றித்தான் பேசுகின்றன. வெளுத்துத் திரும்பப் போக வேண்டிய துணி கழிவு ஆகாது. ஆகவே அதை வெளுக்கிறவரும் அந்த விதிகளின் கண்ணில் படுவதில்லை. விரிப்பின் மடிப்பில் ஊசியோ பிளேடோ சிக்கியிருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பது அவருடைய விரல்தான்.

ஆஸ்பத்திரி செய்ய வேண்டியது கடினமான காரியம் அல்ல. கட்டிலருகிலேயே துணியைப் பார்த்து, ரத்தம் பட்டதைத் தனியாக, நீர் கசியாத பையில் கட்டி, அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் துணியை உதறக் கூடாது. தடித்த ரப்பர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. 70 டிகிரிக்கு மேல் சூடான நீரில் 25 நிமிஷம் துவைப்பது முறை. அந்த வசதி இல்லாத இடத்துக்கு ரத்தத் துணியை அனுப்புவதே தவறு.

கணக்கில் சேர்த்த நாட்கள்

கடைநிலைச் சிப்பந்தியைச் சர்க்கார் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 மே மாதம் கோழிக்கோடு பகுதியில் நிபா காய்ச்சல் பரவியபோது, பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியின் தற்காலிக நர்சு லினி, நோயாளியைக் கவனித்து நோய் தொற்றி மே 21 அன்று இறந்தார். அவருடைய இரு குழந்தைகளுக்கும் தலா 10 லட்சம் ரூபாயும், கணவருக்கு வேலையும் கேரள அரசு கொடுத்தது. 2020 மார்ச்சில் மத்திய சர்க்கார் அறிவித்த 50 லட்சம் ரூபாய் கொரோனா இன்ஷூரன்ஸில் துப்புரவுத் தொழிலாளரும் ஒப்பந்த ஊழியரும் சேர்க்கப்பட்டார்கள். 2023 மே 10 அன்று கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டதும், அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அதனால் கடுமையாயிற்று. காவலாளி, ஆம்புலன்ஸ் டிரைவர், உதவியாளர் எல்லோருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.

ஊரே திரண்டு பார்க்கும்போது எல்லோரும் கணக்கில் சேருகிறார்கள். கொரோனா இன்ஷூரன்ஸ் இப்போது இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை குப்பைப் பையிலிருந்து குத்தும் ஊசியைப் பார்க்க யாரும் திரளுவதில்லை.

குத்திய பின்

குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது. ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் ஊற்றக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பிறகு சூப்பர்வைசரிடமும் டியூட்டி டாக்டரிடமும் உடனே சொல்ல வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மாத்திரை கிடைக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர், அதற்குரிய மருந்தைக் கூடியவரை 24 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றே தம் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி, முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இந்தக் காகிதத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், தொற்று அபாயம் உள்ள ஆஸ்பத்திரி வேலையில் பற்றும் தொற்றுநோய்கள் தொழில் நோய்களாகச் சேர்க்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நோய் வேலையால் வரவில்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. ஆனால் ‘இவருக்கு நோய் முன்பே இருந்தது’ என்று அவர்கள் சொல்வார்களே, அதற்குப் பதில் அன்றைய ரத்தப் பரிசோதனைதான். காண்டிராக்டரைப் போய்க் கேள் என்று ஆஸ்பத்திரி கைகழுவவும் முடியாது. வேலை கொடுத்த தலைமை நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மூலமாகவே கோர வேண்டும்.

சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் பொய்யல்ல. தினக்கூலிக்காரரைப் பார்த்து ‘தைரியமாகச் சொல்’ என்று எழுதுவது நமக்குச் சுலபம். இங்கேதான் ஆபீசுகளிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தாவாக இருக்கும் வாசகர்கள் உதவ முடியும். பக்கத்து வீட்டுப் பெண்மணி கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தால், அவருக்காக மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். தேதி, மணி, வார்டு, எந்த நிறப் பையிலிருந்து குத்தியது, கையுறை கொடுத்திருந்தார்களா, யாரிடம் சொன்னார், எந்த டாக்டர் பார்த்தார் என்பவை அதில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்டுக்கு ஒன்று, காண்டிராக்டருக்கு ஒன்று, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய நகல் ஒன்று வீட்டில். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.