தறி வீட்டில் பீக்கிங்

1962 பொதுத்தேர்தலில் அண்ணா சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றார். ஜெயித்தவர் காங்கிரசின் எஸ்.வி.நடேச முதலியார். அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். அந்த அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டி வந்தது. நாட்டுக்கே ஆபத்து வந்திருக்கும் நேரத்தில் பிரிவினை பேச முடியாது என்று, 1963-இல் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினைப் பேச்சுக்குக் கடிவாளம் போட்ட பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தமும் அதே ஆண்டு வந்துசேர்ந்தது. இத்தனை களேபரத்துக்கு நடுவில், 1963 ஆகஸ்ட் 1 அன்று, பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) வானொலி தமிழில் பேசத் தொடங்கியது.

போர் ஓய்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எதிரி நாட்டுத் தலைநகரிலிருந்து வணக்கம் சொல்லும் குரலை இங்கே யார் கேட்பார்கள் என்று அங்கே யாராவது கணக்குப் போட்டிருப்பார்களா, தெரியாது. நோக்கம் மட்டும் வெளிப்படை: தங்கள் தரப்பை, தங்கள் புரட்சியை, அவரவர் மொழியில் சொல்லிச் சேர்ப்பது. 1967 ஜூன் இறுதியில் நக்சல்பாரி எழுச்சியை உலகுக்குப் புகழ்ந்து அறிவித்ததும் இதே பீக்கிங் வானொலிதான். இரு நாடுகளும் மீண்டும் தூதர்களை அனுப்பிக்கொள்ள 1976 ஆக வேண்டியிருந்தது. தூதர்கள் இல்லாத அந்த ஆண்டுகளிலும் தமிழ் ஒலிபரப்பு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

அனுப்பியவர் எதற்காக அனுப்பினார் என்பது ஒரு கதை. கேட்டவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை. இரண்டாவதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த வானொலியின் வாராந்திர அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அன்றாட ஒலிபரப்பில் முதலில் செய்தி. அதன் பிறகு நாளுக்கொரு நிகழ்ச்சி. எண்பதுகளிலிருந்து அட்டவணை மெல்ல மெல்ல இளகியது. ‘சீன உணவு அரங்க’த்தில் சமையல் குறிப்பு சொன்னார்கள். ‘தமிழ் மூலம் சீனம்’ என்று மொழிப் பாடம் நடத்தினார்கள். ‘மலர்ச்சோலை’, ‘நட்புப் பாலம்’, ‘அறிவியல் உலகம்’, ‘கேள்வியும் பதிலும்’ எனக் கிழமைகள் நிரம்பின. ‘இன்றைய திபெத்’ என்ற நிகழ்ச்சியும் உண்டு. அது எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு லாசாவின் ரயில் பாதை பற்றி என்ன அக்கறை இருந்திருக்கும்? அதையும் பொறுமையாகக் கேட்டார்கள். காரணம், அடுத்தாற்போல் நேயர் கடித நிகழ்ச்சி வரும்.

அந்த வானொலியின் உயிர்நாடி அந்தக் கடித நிகழ்ச்சிதான் என்பேன். அறிவிப்பாளர் கடிதத்தைப் பிரித்து, ஊர்ப்பெயரைச் சொல்லி, எழுதியவர் பெயரைச் சொல்லி, அவர் எந்த நிகழ்ச்சியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று வாசிப்பார். ஆரணி, வந்தவாசி, செய்யாறு போன்ற ஊர்ப்பெயர்கள் பெய்ஜிங்கில் ஒருவர் வாயிலிருந்து வந்து, அயனமண்டலத்தில் மோதித் திரும்பி, எழுதியவரின் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிழும். உள்ளூர்ச் செய்தித்தாளில் பெயர் வருவதற்குக்கூட ஏதாவது செய்திருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். இங்கே ஒரு வான்கடிதம் போதும்.

அதனால்தான் கடிதங்கள் குவிந்தன. தமிழ்நாடெங்கும் சீன வானொலி நேயர் மன்றங்கள் முளைத்தன. ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஊரில் நேயர் மாநாடு கூட்டினார்கள். பெய்ஜிங்கிலிருந்து அறிவிப்பாளர்களே வந்து கலந்துகொண்டதும் உண்டு. பொது அறிவுப் போட்டி வைத்து, சிறப்புப் பரிசு பெற்றவரைச் சீனாவுக்கே அழைத்துப் போனார்கள். சுவரொட்டி, மேடை, பொன்னாடை, நன்றியுரை என எல்லாமே நம் ஊர் ரசிகர் மன்றத்தின் அச்சில்தான் நடந்தது. கட்சியோ நடிகரோ இல்லாத ரசிகர் மன்றம் என்பதுதான் வித்தியாசம். கட்சி ஒன்று இருந்தது, ஆனால் அது பெய்ஜிங்கில் இருந்தது. இங்கே யாரும் அதற்கு ஓட்டுப் போட வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை இதில் இன்னொன்றும் உண்டு. பிள்ளையார்பாளையத் தெருக்களில் தறி இருப்பது வீட்டுக்குள்ளேயே. குழித்தறியில் உட்காருபவருக்குக் கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். சும்மா இருப்பது காது ஒன்றுதான். கோர்வைச் சேலையென்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. மூன்றையும் கையால்தான் எறிய வேண்டும். ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட வேண்டும். பல ஆண்டுகள் அந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் வரலாற்றில் காஞ்சிபுரத்துக்கு இடம் வாங்கித் தந்தது இந்த மூன்று நாடாதான். தறி வீட்டு வானொலி அந்தப் பிள்ளைகளின் காதிலும் விழுந்தது. நல்லதோ கெட்டதோ, ‘அறிவியல் உலகம்’ அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

ஒரு பட்டுச்சேலை தறியிலிருந்து இறங்க பத்து நாள் முதல் இருபது நாள் வரை பிடிக்கும். நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கு. வாரக் கணக்கு கிடையாது. ஞாயிறுகூட மற்ற நாள் மாதிரிதான். இன்று என்ன கிழமை என்று அந்த வீட்டுக்குள் சொன்னது, வெள்ளிக்கிழமைக் காமாட்சி தரிசனத்தை விட்டால், வானொலிதான். இன்னின்ன நிகழ்ச்சி வந்துவிட்டது, அப்படியானால் இன்று சனி. ஐப்பசி பிறந்தால் இந்த ஏற்பாடு கொஞ்சம் ஆட்டம் காணும். மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் வாங்கும், நெசவு நிற்கும். அதே மழையின் இடியும் மின்னலும் வானொலிக்குள் புகுந்து கரகரக்கும்.

சீனாவை இந்த ஊர் வானொலியில்தான் முதலில் தெரிந்துகொண்டது என்றும் சொல்ல முடியாது. சீனக் கச்சாப் பட்டு மலிவாகவும் இழை சீராகவும் வந்து இந்தியத் தறிகளில் ஏறியது. பட்டுப்பூச்சி வளர்ப்போர் நஷ்டப்பட, 2003-இல் அதற்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட வேண்டிவந்தது. சீனத்து வார்த்தைகளில் ஐயம் இருந்தவர்கள்கூட சீனத்து நூலைக் கையில் தடவிப் பார்த்துத் தரம் சொன்னார்கள்.

நிலையத்தைப் பிடிப்பது தனி வித்தை. 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று பட்டைகள். மாலை ஏழரை மணியை ஒட்டி 31 மீட்டரில் முள்ளை நகர்த்தினால், ஒரு மயிரிழை இப்புறம் மாஸ்கோ, அப்புறம் ஏதோ அரபுப் பாட்டு. நடுவில் சீனத்துப் பெண் குரல் தமிழில் வரும், தேய்ந்து போகும், மறுபடி வரும். சிற்றலை தரையோடு வருவதில்லை. மேலே போய் அயனமண்டலத்தில் எதிரொலித்து இறங்குவது. அந்த மண்டலமோ சூரியனைப் பொறுத்துப் பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி, கோடையிலும் குளிரிலும் வேறு வேறு மாதிரி. ஆகவே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலக நிலையங்கள் எல்லாம் அலைவரிசை மாற்றும். மாற்றத்தை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்றைக்குக் கேட்கத் தவறியவர் ஒரு வாரம் முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

விவரமான நேயர்கள் இதையும் எழுதி அனுப்பினார்கள். ஒலியின் பலம், இடையூறு, இரைச்சல், மங்கல், மொத்தத் தரம் என ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 45444 என்று எழுதினால் பெய்ஜிங்கில் இருக்கும் பொறியாளருக்குக் காஞ்சிபுரத்தில் நேற்று எப்படிக் கேட்டது என்று புரிந்துவிடும். பதிலுக்கு வண்ண அட்டை ஒன்று வரும்: முன்புறம் பெருஞ்சுவரோ தாமரைக் குளமோ, பின்புறம் நீங்கள் கேட்ட தேதி, நேரம், அலைவரிசை. கியூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். அதைச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ‘சர்வதேச வானொலி’ என்று தமிழில் அதற்கொரு பத்திரிகையே வந்தது.

போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை. பாட்டு வேண்டுமென்றால் இலங்கை வானொலி; கே.எஸ்.ராஜாவின் வேகத்துக்கும் பி.எச்.அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’க்கும் முன்னால் பெய்ஜிங் நிற்க முடியாது. செய்தி வேண்டுமென்றால் இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. ஈழத்துச் சேதி தெரிய மணிலாவின் வேரித்தாஸ். இவர்களோடு ஒப்பிட்டால் சீன வானொலியில் பாட்டும் குறைவு, செய்தியிலும் நம்பிக்கை குறைவு. ஆனால் தமிழோசை உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு அரை மணியில் விடைபெற்றுவிடும். பெய்ஜிங் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும். சொல்வதற்கு நம்மிடம் ஏதோ இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டு அரசு நிறுவனம் பாவனையாவது செய்தது. உள்நாட்டு அரசு அலுவலகங்களில் மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பாவனையின் மதிப்பு தெரியும்.

பேசியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். பெய்ஜிங் ஒலிபரப்புக் கல்லூரியில் தமிழ் படித்தவர்கள். வேலைக்கு வந்ததும் தமிழ்ப்பெயர் வைத்துக்கொள்வார்கள். தமிழ்ப் பிரிவின் தலைவராக நெடுங்காலம் இருந்த சூ சுவான் ஹுவா நேயர்களுக்குக் ‘கலையரசி’. அவர்கள் பேசியது வீட்டுத் தமிழும் இல்லை, மேடைத் தமிழும் இல்லை. நிறுத்தி நிதானமாக வரும் பாடப்புத்தகத் தமிழ். வினைமுற்று ஒன்றும் குறையாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. நம்மில் பலர் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ ஆக்கும்போது, மாண்டரின் மொழியில் ழகரத்துக்கு வெகு நெருக்கமான ஒலி இருப்பதால், பெய்ஜிங் குரல்கள் அதை அனாயாசமாகக் கடந்து போயின.

பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது. தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. வேரித்தாஸ் மறு ஆண்டு நிறுத்தியது. சீன வானொலி 2018-இல் சீன ஊடகக் குழுமத்துக்குள் போனது. தமிழ்ப் பிரிவின் கவனம் இணையதளம், முகநூல் என்று திரும்பிவிட்டது. இதில் ஒன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை ஓர் உத்தரவில் முடக்க முடிந்தது. 1963-இல், அதைவிடப் பெரிய போருக்குப் பின், வானத்திலிருந்து இறங்கும் குரலுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. எதிர் இரைச்சல் எழுப்பித்தான் மறைக்க வேண்டும். செலவு பிடித்த வேலை. இணையத்துக்கு மாறியதில் தெளிவு கூடியது, அந்தச் சுதந்திரம் போனது.

பல்லவர் காலக் காஞ்சியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் கடைசியில் யுவான் சுவாங்கிடம் போய் நிற்கிறார்கள். 640-ஐ ஒட்டி அவர் இங்கே வந்தபோது இலங்கைக்குக் கப்பலேற நினைத்திருந்தார். அங்கிருந்து வந்த பிக்குகள் அரசன் இறந்துவிட்டான், பஞ்சம் என்று சேதி சொல்ல, பயணத்தைக் கைவிட்டார். இதெல்லாம் நமக்குத் தெரிவது சீன மொழியில் எழுதி வைத்ததால். இருபதாம் நூற்றாண்டுக்கும் அதேபோல ஒரு கையிருப்பு அங்கே இருக்கக்கூடும். அறுபதுகளிலிருந்து தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஆசிரியர்களும் நெசவாளிகளும் தபால்காரர்களும் மாணவர்களும் தங்கள் கையெழுத்தில், தங்கள் ஊர் விவரங்களோடு எழுதிய தமிழ்க் கடிதங்கள் பெய்ஜிங்குக்குப் போய்ச் சேர்ந்தன. விளைச்சல், மழை, தேர்தல், கல்யாணம் என்று அவற்றில் இல்லாதது இருக்காது. அங்கே யுன்னான் மின்சூ பல்கலைக்கழகத்திலும் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் இன்று தமிழ் கற்பிக்கிறார்கள்; தேடிப் படிக்க ஆள் உண்டு. இங்கிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ ரோஜா முத்தையா நூலகமோ நகல் கேட்டு அந்த வானொலிக்கு ஒரு கடிதம் போடலாம். பதில் போட்டுப் பழகியவர்கள்தான் அவர்கள்.