பாவு எண்ணும் கூலிக் கணக்கும்: சோமனூர் விசைத்தறி வணிகத்தில் தரவுத்தள வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

சோமனூர் வட்டாரத்தில் ஜவுளி உற்பத்தியாளர் நூல் தருகிறார். தறியாளர் கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பித் தருகிறார். இவ்வுறவில் எழும் கூலி, எடை, சேதாரம் தொடர்பான பூசல்களுள் பல, பதிவுகள் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதைச் சார்ந்தவை. தரவுத்தளத்தின் அடிப்படை அலகாகப் பாவைக் கொள்வதும், கூலி விகிதத்தை நாளோடு சேர்த்துப் பதிவதும் வணிக வியூகத்தின் பகுதிகளே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சோமனூர், விசைத்தறி, கூலி நெசவு, உறவுநிலைத் தரவுத்தளம், இயல்பாக்கம், கூலி ஒப்பந்தம்.

முன்னுரை

கோயம்புத்தூர் – ஈரோடு இருப்புப்பாதையில் அமைந்துள்ள சோமனூர், கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை ஒட்டிய பல்லடம் திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. சோமனூரும் பல்லடமும் விசைத்தறியில் நெய்யப்படும் காடா துணிக்குப் பெயர் பெற்றவை. பின்னலாடைத் தொழிலில் கணக்கு பெரும்பாலும் கிலோவில் நடக்கிறது. விசைத்தறியிலோ நூல் கிலோவில் சென்று துணி மீட்டரில் திரும்புகிறது. கொடுத்த பொருளும் பெற்ற பொருளும் வெவ்வேறு அளவைகளில் நிற்பதால், இரண்டையும் இணைக்கும் பதிவு இல்லாத இடத்தில் ஐயம் எழுவது இயல்பு.

இங்குள்ள தறியாளருள் பெரும்பாலோர் சொந்தமாக நூல் வாங்கித் துணி விற்பவர் அல்லர். உற்பத்தியாளரிடமிருந்து பாவு நூலும் ஊடை நூலும் பெற்று, நெய்த துணிக்குக் கூலி பெறுகின்றனர். தறி அவருடையது, நூலும் துணியும் உற்பத்தியாளருடையவை. இடையில் நிற்பது பதிவு மட்டுமே.

தகவல் தொழில்நுட்பமும் வணிக வியூகமும்

தகவல் ஒரு நிறுவனத்திற்குப் போட்டி வலிமையைத் தரும் என்ற கருத்தை மைக்கேல் போர்ட்டர், விக்டர் மில்லர் ஆகியோர் 1985இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் விரிவாக முன்வைத்தனர். அதே இதழில் 2003இல் நிக்கோலஸ் கார் இதற்கு மறுப்பாக ஒரு கட்டுரை எழுதினார். மின்சாரம், இருப்புப்பாதை ஆகியவற்றைப் போலத் தகவல் தொழில்நுட்பமும் அனைவர்க்கும் கிடைக்கும் பொதுவசதியாகிவிட்டதால், அதனை வைத்திருப்பதே தனிச்சிறப்பு ஆகாது என்பது அவர் வாதம். கணினியையும் கணக்கியல் மென்பொருளையும் எவரும் விலைக்கு வாங்கலாம் என்ற அளவில் அவ்வாதம் சோமனூருக்கும் பொருந்தும். ஆயினும் விலைக்கு வாங்க இயலாத ஒன்று உண்டு. தன் தொழிலில் எதனை எண்ண வேண்டும் என்ற தெளிவு அது. வியூகம் என்பது இங்குத் தரவுத்தள வடிவமைப்பிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

பாவு என்னும் அடிப்படை அலகு

பொதுவான கணக்கியல் முறை ஆள் பெயரையும் சீட்டையும் மையமாகக் கொண்டது. இன்ன தறியாளருக்கு இவ்வளவு நூல் பற்று, இவ்வளவு துணி வரவு, மீதி இவ்வளவு என்று அது காட்டும். ஒரு தறியாளர் ஒரே காலத்தில் மூன்று ரகங்களில் எட்டுப் பாவுகளை ஓட்டும்போது இந்த மொத்தக் கணக்கால் பயன் குறைவு. எந்தப் பாவில் துணி குறைந்தது, எந்த நூலில் இழை அறுந்தது என்பது தெரியாது. மாத இறுதியில் வரும் குறைவு முழுவதும் தறியாளரின் தலையில் சேதாரமாக விழுகிறது.

தறிக்கூடத்தில் வேலை பாவை வைத்தே நடக்கிறது. பாவு ஏறியது, பாவு தீர்ந்தது, அடுத்த பாவு வரவில்லை என்பனவே அங்கு வழங்கும் பேச்சு. எனவே ஒவ்வொரு பாவுக்கும் தனியெண் ஒன்று தந்து, அதனையே முதன்மைத் திறவியாகக் கொள்வது பொருத்தமானது. ரகம், நூலின் எண், இழைகளின் தொகை, நீளம், சைசிங் முடிந்த நாள், சென்ற தறிக்கூடம் ஆகியவை பாவின் பண்புகள். ஊடை வழங்கலும் துணி வரவும் தனித்தனி அட்டவணைகளாக அமைந்து, பாவு எண் வழியாக இதனோடு இணையும்.

ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுநிலை மாதிரியின் பயன் இங்குத்தான் புலப்படுகிறது. பல அலுவலகங்களில் விரிதாளில் ஒரு பாவுக்கு ஒரு வரி ஒதுக்கி, அதே வரியில் ‘துணி 1’, ‘துணி 2’, ‘துணி 3’ என்று நெடுவரிசைகளை நீட்டும் வழக்கம் உண்டு. நான்காவது துண்டு வந்தால் இடம் இராது. முதல் இயல்பாக்க வடிவம் விலக்கச் சொல்வது இந்த அமைப்பையே.

ரகம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வணிகத்தில் ரகத்தின் பெயர் சுருக்கக் குறிப்பாகவே வழங்குகிறது. ஒரே பெயரில் இருவேறு பிக் கொண்ட துணிகள் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே பாவு நூல் எண், ஊடை நூல் எண், அங்குலத்திற்கு இழை, அங்குலத்திற்கு பிக், அகலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஒரு ரகத்தை வரையறுக்க வேண்டும். பெயர் வெறும் அடையாளமாக நிற்கலாம்.

எடையும் பிக்கும்

பாவு நூல் சைசிங் ஆலையில் கஞ்சி ஏற்றப்பட்டு வருவதால் அதன் எடை கூடுகிறது. தறிக்கூடத்தில் இறங்கும் பாவின் எடையை நூலின் எடையாகவே பதிந்துவிட்டால், கஞ்சியின் எடைக்கும் தறியாளர் கணக்குச் சொல்ல வேண்டிவரும். கஞ்சிக்கு முந்திய எடை, பிந்திய எடை என இரு புலங்கள் வேண்டும். சிறிய செய்திதான், ஆனால் இந்த ஒரு புலம் இல்லாமையால் விளையும் வழக்குகள் சிறியன அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். அறுபது அங்குல அகலம், அங்குலத்திற்கு 60 இழை, 40ஆம் எண் நூல், 1000 மீட்டர் நீளம் கொண்ட பாவு ஒன்றைக் கொள்வோம். மொத்த இழைகள் 3600. நாற்பதாம் எண் நூல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 67,700 மீட்டர் ஓடும். எனவே பாவுக்கு வேண்டிய நூல் சுமார் 53 கிலோ. நெசவில் இழை வளைவதால் 5 விழுக்காடு நீளம் குறையும் எனக் கொண்டால் கிடைக்கும் துணி 950 மீட்டர். அங்குலத்திற்கு 56 பிக் வீதம் அதே எண்ணுள்ள ஊடை நூல் சுமார் 47 கிலோ செலவாகும். அதே துணியை 52 பிக் வீதம் நெய்தால் செலவு 44 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அகலச் சுருக்கமும் கழிவும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இந்த மூன்று கிலோவுக்கு மேற்பட்ட வேறுபாடு ஒரு சான்றாகும். கூலி பிக்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நான்கு பிக் குறைத்து எழுதினால் கூலியில் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். துணி 52 பிக் என்று உற்பத்தியாளர் கூற, தறியாளர் 56 என்று மறுத்தால், ஊடை நூல் எவ்வளவு செலவாயிற்று என்பதே தீர்ப்புச் சொல்லும். தறியாளர் குறைத்து நெய்திருந்தால் நூல் மிஞ்சியிருக்கும்; நிறைவாக நெய்திருந்தால் தீர்ந்திருக்கும். ஊடை வழங்கலும் துணி வரவும் பாவு எண்ணால் இணைந்த தரவுத்தளத்தில் இவ்வினாவுக்கு ஒரே வினவலில் விடை கிடைக்கும். இரண்டும் தனித்தனி நோட்டுகளில் இருக்கும் இடத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஓரிடத்தில் எண்ணிய எண்ணே முடிவாகிவிடுகிறது.

தறியின்மேல் இழுபட்டு நிற்கும் துணியின் பிக்கும், தறியிலிருந்து இறக்கியபின் சுருங்கிய துணியின் பிக்கும் ஒன்றல்ல. எங்கு அளக்கப்பட்டது என்பதற்கு ஒரு புலம் இல்லையெனில், இரு தரப்பும் உண்மையே பேசிக்கொண்டு பூசலிடக்கூடும்.

கூலிக்கு நாள் உண்டு

கூலி நெசவாளர் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் அரசு முன்னிலையில் செய்துகொள்ளும் ஒப்பந்தமே இவ்வட்டாரத்தில் கூலியை முடிவு செய்கிறது. 2014இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்திற்கு 23 விழுக்காடும் பல்லடம் உள்ளிட்ட இதர ரகங்களுக்கு 20 விழுக்காடும் உயர்வு பேசி முடிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025இல் மார்ச் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, சோமனூர் ரகத்திற்கு 15, இதர ரகங்களுக்கு 10 விழுக்காடு என்ற உடன்பாட்டில் முடிந்தது.

உயர்வு விழுக்காடாகப் பேசப்படுகிறது. எந்தக் கூலியின்மீது இந்த விழுக்காடு என்பதே அடுத்த வினா. ஓர் ஒப்பந்தக் கூலி 100 என்றும், இடைக்காலத்தில் அது 90ஆகக் குறைத்துத் தரப்பட்டது என்றும் வைத்துக்கொண்டால், 20 விழுக்காடு உயர்வு பழைய ஒப்பந்தத்தின்மீது 120. நடப்புக் கூலியின்மீது 108. பேச்சில் ஒரே எண். கையில் வருவது இரண்டு தொகை.

பாடநூல் வழியில் தரவுத்தளம் அமைப்போர் இவ்விடத்தில் ஒரு பிழைக்கு ஆளாகின்றனர். கூலி ரகத்தைச் சார்ந்தது, பாவைச் சார்ந்ததன்று. எனவே மூன்றாம் இயல்பாக்க வடிவத்தின்படி அது ரகத்தின் அட்டவணையில் ஒரு புலமாக இருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். இந்த முடிவு அரைகுறையானது. கூலி மாறும்போது அப்புலத்தின் பழைய மதிப்பின்மேல் புதியது எழுதப்படும். அத்துடன் சென்ற ஆண்டின் கூலி மறைந்துபோகும். பழைய பட்டியலை மீண்டும் எடுத்தால் புதிய கூலியில் கணக்கு வரும். கூலி உண்மையில் ரகத்தை மட்டும் சார்ந்ததன்று, ரகத்தையும் நாளையும் சேர்த்துச் சார்ந்தது. இயல்பாக்க விதியில் குறையில்லை. சார்பை அறிந்துகொண்டதிலேயே குறை.

ஆகவே கூலி விகிதத்திற்குத் தனி அட்டவணை தேவை. ரகம், நடைமுறைக்கு வந்த நாள், முடிந்த நாள், கூலி, எந்த ஒப்பந்தத்தின்படி என்ற குறிப்பு ஆகியவை அதில் இடம்பெறும். ஒப்பந்தக் கூலியும் உண்மையில் தரப்பட்ட கூலியும் வெவ்வேறு புலங்களாக இருத்தல் வேண்டும். இத்தகைய காலஞ்சார் அட்டவணைகளுக்கான இலக்கணம் 2011ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. தொழில்நுட்பம் இல்லாமை இங்குக் காரணமன்று. கொடுத்த கூலிக்கும் ஒத்துக்கொண்ட கூலிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் புலத்தை எந்த உற்பத்தியாளர் விரும்பிக் கேட்பார் என்பது நியாயமான ஐயமே.

ஓராண்டுக் கெடு

2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, கூலி வேலைக்கு வரியின்றி அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது. திரும்பாவிடில் அனுப்பிய நாளிலேயே விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அனுப்பியதையும் பெற்றதையும் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். எந்த சலானில் சென்ற நூல் எந்தத் துணியாகத் திரும்பியது என்பதை ஆள்வாரிக் கணக்கால் நேரே சொல்ல இயலாது. பாவு எண்ணால் சொல்ல இயலும். கூலிப் பூசலுக்காகப் பாவுவாரிப் பதிவை ஏற்காதோரும் வரிக்காக அதனை ஏற்க வேண்டிய நிலை இதனால் உருவாகியுள்ளது.

பதிவு யாருடையது

உற்பத்தியாளருக்கு இத்தகைய தரவுத்தளத்தின் பயன் வெளிப்படை. எந்தத் தறிக்கூடத்தில் பாவு தீரப்போகிறது, எந்த ரகத்தைக் குறித்த நாளில் தர முடியும் என்பன தெரிந்தால், வெளிச்சந்தையில் உறுதியாக வாக்குக் கொடுக்கலாம். தறி காத்திருக்கும் நாள் குறைவதால் தறியாளரும் பயனடைகிறார்.

ஆயினும் பதிவு முழுவதும் ஒரு தரப்பின் கணினியில் இருந்தால், அது மறுதரப்பின் நம்பிக்கையைப் பெறுவதில்லை. எட்டுத் தறி வைத்திருப்பவர் தனக்கென ஒரு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. உற்பத்தியாளரின் தரவுத்தளத்திலேயே அவருக்கு இரு உரிமைகள் இருந்தால் போதும். தன் பாவுகளைப் பற்றிய வரிகளைப் பார்க்கும் உரிமை ஒன்று. தான் ஏற்காத பதிவின்மீது மறுப்பைப் பதியும் உரிமை மற்றொன்று. பதிந்த வரியை எவரும் அழிக்க இயலாதவாறும், திருத்தம் வேண்டுமெனில் திருத்திய நாள், திருத்தியவர், காரணம் ஆகியவற்றுடன் புதிய வரியாகச் சேருமாறும் அட்டவணைகள் அமைதல் வேண்டும். துணி இறங்கும் ஒவ்வொரு முறையும் பாவு எண், மீட்டர், பிக், அன்றைய கூலி ஆகிய நான்கும் தறியாளரின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகச் சென்றால், அவர் தம் நோட்டில் எழுதியதோடு அன்றே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுப்பு இருந்தால் அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போவதற்குள் மீண்டும் அளக்கலாம்.